ஒஹாயோ ஸ்டார் பிளாக்கை முக்கால் அளவாகக் குறைத்தேன், முனைகள் சேரவில்லை

நூல்கண்டு:

அனைவருக்கும் வணக்கம். பதினோரு ஆண்டுகளாக வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். வெட்டும்போது விழும் துண்டுகளை எறிய மனம் வராமல் சேர்த்து வைத்ததில் இரண்டு அரிசிச் சாக்குகள் நிரம்பிவிட்டன. பட்டையும் பாலியெஸ்டரையும் கழித்துப் பார்த்தாலும் பருத்தி மட்டும் ஒரு சாக்குக்குக் குறையாது. அதைக் கொண்டு ஒட்டுத்துணிப் போர்வை ஒன்று தைக்கலாம் என்று இந்தக் கோடையில் இறங்கினேன். பழைய புடவைகளை அடுக்கி ஓட்டுத் தையல் போட்ட அனுபவம் உண்டு. ஆனால் துண்டுகளைச் சிறு சதுரங்களாகத் தைத்து (அதைத்தான் பிளாக் என்கிறார்கள்), பிளாக் பிளாக்காகச் சேர்க்கும் குயில்ட் எனக்குப் புதிது.

ஒஹாயோ ஸ்டார் என்ற பிளாக்கின் மாதிரி ஒன்று கிடைத்தது. மூன்றுக்கு மூன்று என ஒன்பது கட்டங்கள் கொண்டது. நான்கு மூலைகளிலும் நடுவிலும் முழுச் சதுரங்கள் வரும். மீதமுள்ள நான்கு கட்டங்களில் ஒவ்வொன்றும் நான்கு சிறு முக்கோணங்களால் ஆனது. அந்த முக்கோணங்கள்தாம் சேர்ந்து நட்சத்திரத்தின் எட்டு முனைகளாகின்றன. தைத்து முடித்த பிளாக் 12 அங்குலம் வர வேண்டும். அதற்குச் சதுரங்களை 4½ அங்குலத்திலும், முக்கோணங்களுக்கான துணியை 5¼ அங்குலச் சதுரமாகவும் வெட்டி, அதைக் குறுக்கும் நெடுக்குமாக நான்காக அறுக்கச் சொல்லியிருந்தது.

என் துண்டுகளில் பெரும்பாலானவை 4 அங்குலத்தைத் தாண்டாது. கழுத்து வெட்டில் விழும் பிறைத் துண்டுகளும், கைக்குழியில் விழும் கோணல் துண்டுகளும், பக்கவாட்டில் மிஞ்சும் இரண்டு மூன்று அங்குல அகல நாடாக்களுமே அதிகம். ஆகவே மாதிரியை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து 75 விழுக்காட்டுக்குச் சுருக்கி வாங்கி, அந்த அளவிலேயே வெட்டினேன். 12 அங்குலத்தில் முக்கால் பங்கு 9 அங்குலம், கணக்கு நேராகத்தானே இருக்கிறது என்று நினைத்தேன்.

தைத்து முடித்தபோது 9 அங்குலமும் வரவில்லை, ஒழுங்கும் வரவில்லை. முக்கோணக் கட்டங்கள் மூலைச் சதுரங்களைவிடச் சிறியனவாக நின்றன. இழுத்துப் பிடித்துச் சேர்த்ததில் பிளாக்கின் நடு இறுகிவிட்டது, ஓரங்கள் பொரித்த அப்பளம்போல நெளிந்துவிட்டன. முனைகளில் பாதி தையலுக்குள் போய் மழுங்கிவிட்டன. பிரித்து மீண்டும் தைத்துப் பார்த்தேன், அதே கதைதான். இத்தனை ஆண்டுகள் கைக்குழியும் கையும் சேர்த்துப் பழகிய எனக்கு நேர்கோட்டுத் தையல் வரவில்லை என்று நம்ப முடியவில்லை. தவறு என் கையிலா, கணக்கிலா?

கால் அங்குலம்:

நூல்கண்டு அவர்களுக்கு வணக்கம். தவறு உங்கள் கையில் இல்லை, ஜெராக்ஸ் இயந்திரத்தில் இருக்கிறது. படத்தைச் சுருக்கும்போது அது தையலுக்கு விட்ட துணியையும் சேர்த்துச் சுருக்கிவிட்டது. நீங்களோ தைக்கும்போது வழக்கம்போல முழுக் கால் அங்குலம் எடுத்துத் தைத்திருப்பீர்கள். பிளாக் எவ்வளவு சிறுத்தாலும் பெருத்தாலும் அந்தக் கால் அங்குலம் மட்டும் மாறக் கூடாது.

உங்கள் எண்களையே போட்டுப் பார்க்கிறேன். 4½ அங்குலத்தில் முக்கால் பங்கு 3⅜. இரு பக்கமும் தையலுக்குக் கால் கால் போக, சதுரம் நிற்பது 2⅞ அங்குலம். 5¼ அங்குலத்தில் முக்கால் பங்கு 3 15/16. அதில் தையலுக்குப் போவது அரை அங்குலம் அல்ல, 1¼ அங்குலம். ஆகவே முக்கோணக் கட்டம் நிற்பது 2 11/16. இரண்டுக்கும் இடையே மூன்று வீசம், அதாவது 3/16 அங்குலம், வேறுபாடு வந்துவிட்டது. பழைய வாய்ப்பாட்டில் மும்மாகாணி என்பார்களே, அதுதான். மேல் வரிசையில் இரண்டு சதுரமும் ஒரு முக்கோணக் கட்டமும் சேர்ந்து 8 7/16 அங்குலம், நடு வரிசையில் இரண்டு முக்கோணக் கட்டமும் ஒரு சதுரமும் சேர்ந்து 8¼ அங்குலம். நீளமான வரிசைகள் மேலும் கீழும், குட்டையான வரிசை நடுவிலும் இருந்தால் ஓரம் நெளியாமல் வேறென்ன செய்யும்?

முக்கோணத்துக்கு மட்டும் ஏன் 1¼ என்ற கேள்வி எழும். சதுரத்தின் மூலை நேர்கோணம் என்பதால் தையல் கோட்டுக்கு வெளியே கால் அங்குலம் விட்டால் போதும். முக்கோணத்தின் கூர்முனையோ தையல் கோட்டைத் தாண்டி நீண்டு ஓடும். கால் அங்குலத் தையலுக்கு அந்தக் கூர்முனை ஒவ்வொன்றும் 0.6 அங்குலத்தைச் சற்றே தாண்டி விழுங்குகிறது. அடிப்பக்கத்தின் இரு முனைகளுக்கும் சேர்த்து 1.207 அங்குலம். அளவுகோலில் பிடிக்க வசதியாக அதை 1¼ என்று ஆக்கிக்கொண்டார்கள். ஒரு சதுரத்தை ஒரே மூலைவிட்டத்தில் இரண்டாக அறுத்து முக்கோணம் எடுக்கும் பிளாக்குகளும் உண்டு. அவற்றில் ஒரு முனை நேர்கோணம், ஒரு முனை கூர்முனை என்பதால் கூட்ட வேண்டியது முக்காலே அரைக்கால், அதாவது ⅞ அங்குலம்.

ஆக, எந்த மாதிரியையும் மாற்றும் முறை இதுதான். முதலில் தையலுக்கு விட்டதைக் கழித்து, தைத்தபின் ஒரு கட்டம் எவ்வளவு நிற்கிறது என்று பாருங்கள். உங்கள் மாதிரியில் அது 4 அங்குலம். அந்த எண்ணை மட்டும் மாற்றுங்கள். பிறகு சதுரத்துக்கு ½, இரண்டாக அறுக்கும் சதுரத்துக்கு ⅞, நான்காக அறுக்கும் சதுரத்துக்கு 1¼ என்று புதிதாகக் கூட்டுங்கள். 9 அங்குல பிளாக்குக்குக் கட்டம் 3 அங்குலம், ஆகவே சதுரம் 3½, முக்கோணத்துக்கான சதுரம் 4¼.

இங்கே உங்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. உங்கள் துண்டுகள் 4 அங்குலத்தைத் தாண்டாது என்கிறீர்கள். 4¼ அதில் கால் அங்குலத்தில் தவறிப்போகிறது. எனவே பிளாக்கின் அளவை முதலில் முடிவு செய்துவிட்டுத் துணி தேடுவதைவிட, துணி என்ன தருகிறது என்று பார்த்து அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். 4 அங்குலத் துண்டில் ஓரம் சீவப் போக 3¾ நிச்சயம் கிடைக்கும். அதில் 1¼ போனால் கட்டம் 2½ அங்குலம், பிளாக் 7½ அங்குலம். சதுரங்கள் 3 அங்குலம். எல்லாமே சாதாரண இஞ்சு டேப்பில் உள்ள கோடுகள்.

ஒரு வரிசையில் எத்தனை கட்டங்கள் என்பதை எப்போதும் மனத்தில் வையுங்கள். மூன்று கட்ட பிளாக்குக்கு 6, 7½, 9, 12 என எல்லாம் அழகாக வகுபடும். நான்கு கட்டம் என்றால் 6, 8, 10, 12. கரடிப் பாதம் என்று ஒரு பிளாக் உண்டு, அதற்கு ஏழு கட்டம். அதை 12 அங்குலத்தில் வேண்டும் என்று அடம்பிடித்தால் ஒரு கட்டம் 1 5/7 அங்குலம் வரும், அந்தக் கோடு எந்த டேப்பிலும் இல்லை. 10½ அல்லது 14 என்று வைத்துக்கொண்டால் கட்டம் 1½ அல்லது 2 என முடிந்துவிடும்.

வெட்டுவதற்கு முன் ஒரு சோதனை. 1½ அங்குல அகலத்தில் மூன்று நாடாக்களை அருகருகே தைத்து இஸ்திரி போடுங்கள். நடு நாடா சரியாக 1 அங்குலமும், மொத்த அகலம் 3½ அங்குலமும் வர வேண்டும். குறைந்தால் உங்கள் கால் அங்குலம் சற்றுத் தடித்திருக்கிறது என்று பொருள். ரவிக்கையில் ஒரு நூல் இப்படி அப்படி இருந்தால் பிடித்துவிடலாம், இதில் முடியாது. பிளாக் ஒவ்வொன்றும் அரைக்கால் (⅛) அங்குலம் தவறினால் எட்டு பிளாக்குகள் கொண்ட வரிசையில் ஓர் அங்குலம் போய்விடும்.

பழந்துணி:

கால் அங்குலம் அவர்களின் கணக்கில் ஒரு புள்ளியும் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் முக்கோணத்துக்காகச் சதுரம் வெட்டித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் எங்கே இருக்கிறது? கடையில் மீட்டர் கணக்கில் துணி வாங்குகிறவர்களுக்கு அது வேகமான வழி. வெட்டுத்துணி வைத்திருப்பவர்கள் முக்கோணத்தை முக்கோணமாகவே வெட்டலாம். 4¼ அங்குலச் சதுரத்தை நான்காக அறுத்தால் கிடைப்பது 4¼ அங்குல அடியும் 2⅛ அங்குல உயரமும் கொண்ட முக்கோணம். அது 2⅛ அங்குல நாடாவிலேயே அடங்கிவிடும். பக்கவாட்டில் மிஞ்சும் நாடாக்கள் சாக்கு நிறைய இருக்கின்றன என்று நீங்களே சொல்கிறீர்கள். அவற்றில் ஒன்று நிமிர்ந்தும் அடுத்தது தலைகீழாகவும் மாற்றி மாற்றி வைத்து வெட்டினால் இடையில் எதுவும் வீணாகாது. அப்படியானால் நீங்கள் விரும்பிய 9 அங்குல பிளாக்கே கிடைத்துவிடும்.

இதற்கு அச்சு வேண்டும். நான் பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் வெட்டி வைத்திருக்கிறேன். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் ஊறப் போட்டுத் தேய்த்தால் மேலே உள்ள கறுப்பு பெரும்பாலும் கழன்று, அடியில் உள்ள துணியின் பூவும் கோடும் தெரியும். அட்டையைப் போல முனை மழுங்காது. அதில் வெட்டும் கோட்டை மட்டுமின்றி, கால் அங்குலம் உள்ளே தையல் கோட்டையும் ஊசியால் கீறி வைத்துக்கொண்டால் துண்டின் மேல் வைத்துப் பார்க்கும்போதே போதுமா போதாதா என்று தெரிந்துவிடும். அளவெடுக்க இஞ்சு டேப் வேண்டாம், அது நாளடைவில் நீண்டுபோகும். பள்ளிப் பிள்ளைகளின் இரும்பு ஸ்கேல் போதும்.

அச்சை வைக்கும் திசையில் கவனம் தேவை. ஒஹாயோ ஸ்டாரில் ஒவ்வொரு முக்கோணத்தின் நீண்ட அடிப்பக்கமும் கட்டத்தின் விளிம்பாகிறது. ஆகவே அந்த அடிப்பக்கம் பாவு நூல் போகும் திசையிலோ ஊடு நூல் போகும் திசையிலோ இருக்க வேண்டும். கிராஸில், அதாவது நூல்களுக்கு மூலைவாட்டில், போய்விட்டால் கையில் எடுத்த உடனேயே அது இழுபட்டு நீளும். கைக்குழித் துண்டுகள் பார்வைக்கு நேராகத் தோன்றும், ஆனால் பெரும்பாலும் கிராஸாக இருக்கும். ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிப் பாருங்கள், எந்தத் திசை என்று தெரிந்துவிடும். அப்படியும் கிராஸில்தான் வெட்ட முடியும் என்றால், வெட்டுவதற்கு முன் கஞ்சி போட்டு விறைப்பாக இஸ்திரி போட்டுவிட்டு வெட்டுங்கள்.

நூல்கண்டு:

இருவருக்கும் நன்றி. நேற்று மாலை மூன்று நாடாச் சோதனையைச் செய்து பார்த்தேன். நடு நாடா ஓர் அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவாகவே வந்தது. என் இயந்திரத்தின் பாதத்தை ஓரமாக வைத்துத் தைத்தால் கால் அங்குலத்தைவிடக் கூடுதலாகப் போகிறது என்பது இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு இப்போதுதான் தெரிந்தது. ஊசியிலிருந்து ஸ்கேலால் அளந்து, தட்டின் மேல் மருந்துக் கடைப் பிளாஸ்திரியை நான்கு மடிப்பாக ஒட்டி ஓர் அணை கட்டிவிட்டேன். துணியின் ஓரம் அதில் இடித்துக்கொண்டே போகிறது. அடுத்த சோதனையில் நடு நாடா ஓர் அங்குலம் பிசகாமல் வந்தது.

பிறகு 9 அங்குல பிளாக் ஒன்றை அச்சு வைத்து வெட்டித் தைத்தேன். எக்ஸ்ரே ஃபிலிம் கிடைக்கவில்லை, திருமணப் பத்திரிகை அட்டையில்தான் அச்சு. சதுரங்கள் 3½, முக்கோணம் 4¼ அடி. தைத்து அளந்தபோது தையலுக்கு விட்டதோடு சேர்த்து 9½ அங்குலம். எட்டு முனைகளில் ஏழு கூராக நின்றன. எட்டாவது ஒரு கைக்குழித் துண்டு, நூல் உருவிப் பார்க்கச் சோம்பல்பட்டதன் பலன்.

இப்போது கட்டில் அளவுக்கு, ஏறத்தாழ 60 அங்குல அகலமும் 90 அங்குல நீளமுமாக, ஒரு போர்வை தைக்க ஆசை. 7½ அங்குலத்தில் செய்தால் மிகச் சிறிய துண்டுகளும் பயன்படும் என்பதால் அதன் பக்கமே மனம் சாய்கிறது. உங்கள் கருத்து என்ன?

வெட்டுமேசை:

அந்த ஆசைக்குச் சற்றுக் கடிவாளம் போட வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த பிளாக் ஒன்றில் 5 சதுரங்கள், 16 முக்கோணங்கள், ஆக 21 துண்டுகள். 7½ அங்குலத்தில் 60க்கு 90 என்றால் எட்டுக்குப் பன்னிரண்டு, 96 பிளாக்குகள், 2016 துண்டுகள். 9 அங்குலத்தில் ஏழுக்குப் பத்து என்று வைத்தால் போர்வை 63க்கு 90 வரும், 70 பிளாக்குகள், 1470 துண்டுகள். முதலில் நீங்கள் ஒதுக்கிய 12 அங்குலத்தில் ஐந்துக்கு ஏழு, 35 பிளாக்குகள், 735 துண்டுகளோடு முடிந்துவிடும். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் மூன்று அங்குலக் கரை வைத்தால் 60க்கு 90 சரியாக வந்துவிடும்.

உழைப்பு மட்டும் பிரச்சினை அல்ல. துண்டு சிறுக்கச் சிறுக்கத் துணியில் பெரும் பங்கு தையலுக்குள் மறைந்துவிடுகிறது. 4½ அங்குலச் சதுரத்தில் ஐந்தில் நான்கு பங்கு வெளியே தெரியும். 3 அங்குலச் சதுரத்தில் தெரிவது நூற்றுக்கு 69 பங்கு. 1½ அங்குலச் சதுரத்தில் பாதிகூடத் தெரியாது, நூற்றுக்கு 44தான். மறைந்தது எங்கும் போகவில்லை, போர்வையின் அடியில் மடிப்பு மடிப்பாகக் கிடக்கும். 2016 துண்டுகளின் மடிப்புகளும் சேர்ந்தால் போர்வை கனத்துவிடும், துவைத்து உலர்த்தும்போது தெரியும். நான்கு முக்கோணங்கள் கூடும் நடுப்புள்ளிகள் முடிச்சு முடிச்சாக நிற்கும், மேலே ஓட்டுத் தையல் போடும்போது ஊசி அங்கே தடுக்கும். வெட்டுத்துணியை மிச்சப்படுத்துகிறேன் என்று அதில் மூன்றில் ஒரு பங்கை உள்ளே புதைப்பது எனக்கு உவப்பாக இல்லை.

என் யோசனை வேறு. பிளாக்கைச் சுருக்க வேண்டாம், 12 அங்குலத்திலேயே விட்டுவிடுங்கள். சுருக்க வேண்டியது கட்டத்தின் உள்ளே இருப்பதை. மூலைக் கட்டம் தைத்தபின் 4 அங்குலம் நிற்க வேண்டும். அதை ஒரே சதுரமாக வெட்டாமல் 2½ அங்குலச் சதுரங்கள் நான்கைச் சேர்த்துத் தையுங்கள். ஒவ்வொன்றும் 2 அங்குலம் நிற்கும், நான்கும் சேர்ந்து 4 அங்குலம் ஆகிவிடும். கழுத்துப் பிறையின் நடுப் பகுதியில் 2½ அங்குலம் தாராளமாகக் கிடைக்கும். முக்கோணங்களுக்குப் பழந்துணி அவர்கள் சொன்ன அச்சு முறையே போதும். 12 அங்குல பிளாக்குக்கு அடி 5¼, உயரம் 2⅝. நீளமான நாடாக்களில் அது வந்துவிடும். அடி போதாத நாடாக்களை மூலைச் சதுரங்களுக்குத் தள்ளிவிடலாம். நட்சத்திரத்துக்குப் பின்னால் நிற்கும் முக்கோணங்களுக்கு மட்டும் காடாத் துணி வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாமே வண்ணத் துண்டுகளாக இருந்தால் நட்சத்திரம் கண்ணுக்குத் தெரியாமல் கூட்டத்தில் தொலைந்துபோகும். ஒரு பிளாக்குக்கு 33 துண்டுகள், 35 பிளாக்குகளுக்கு 1155. உங்கள் 2016க்கு இது எவ்வளவோ மேல்.

இவ்வளவு கணக்கும் வேண்டாம் என்று தோன்றினால் அதற்கும் மரபு இருக்கிறது. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி என்னும் போர்வையில் பிளாக்கும் இல்லை, கட்டமும் இல்லை. ஓரத்திலிருந்து தொடங்கித் துண்டின் விளிம்பை மடித்து வைத்துக் கையால் ஓட்டிக்கொண்டே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். கிடைத்த துண்டு கிடைத்த அளவில் அமர்ந்துவிடும். உங்களிடம் உள்ள பிறைத் துண்டுகளுக்கு உண்மையில் அதுதான் பொருத்தம். ஆனால் நீங்கள் கேட்டது நட்சத்திரம் என்பதால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கால் அங்குலம்:

வெட்டுமேசை அவர்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். 7½ என்று நான் சொன்னது துண்டின் அளவை மட்டும் பார்த்து. அது கட்டிலுக்குப் போகும் என்று அப்போது தெரியாது. தொட்டில் விரிப்புக்கோ தலையணை உறைக்கோ 7½ இன்றும் நல்ல அளவுதான்.

ஒரே ஒரு எச்சரிக்கை. மூலையில் நான்கு சதுரங்கள் வந்தால் அவை நட்சத்திரத்தோடு போட்டி போடும். ஆகவே துண்டுகளை நிறத்தைக்கொண்டு பிரிக்காமல் வெளிறியவை, அடர்ந்தவை என்று மட்டும் பிரியுங்கள். அடர்ந்தவை முழுவதும் முனைகளுக்கும் நடுச் சதுரத்துக்கும், வெளிறியவை மூலைகளுக்கு. இளமஞ்சளும் இளநீலமும் ரோஜா நிறமும் கலந்தாலும் தூரத்தில் நின்று பார்த்தால் அவை ஒன்றாகவே தெரியும். சந்தேகம் வந்தால் கைப்பேசியில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுத்துப் பாருங்கள். சிவப்பும் பச்சையும் எதிரெதிர் என்று நினைத்துக்கொண்டிருப்போம், படத்தில் பல நேரம் இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரியும்.

கடல்தாண்டி:

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். நான் ஜெர்மனியில் இருக்கிறேன், இங்கே அளவுகோல், வெட்டும் பாய் எல்லாம் சென்டிமீட்டரில். பின்னாளில் இதைப் படிப்பவர்களில் என்னைப் போன்றவர்களும் இருக்கலாம் என்பதால் எழுதுகிறேன். அங்குல மாதிரியை 2.54 ஆல் பெருக்கிச் சென்டிமீட்டர் ஆக்க முயல வேண்டாம். அதுவும் ஜெராக்ஸ் கடைக் கதைதான், எந்த எண்ணும் கோட்டில் உட்காராது. கட்டத்தைப் புதிதாகச் சென்டிமீட்டரிலேயே முடிவு செய்யுங்கள். தையலுக்கு 0.75 சென்டிமீட்டர். சதுரத்துக்கு 1.5, இரண்டாக அறுப்பதற்கு 2.5, நான்காக அறுப்பதற்கு 3.5 என்று கூட்டுவது இங்குள்ள வழக்கம். ஆனால் கணக்கின்படி பின்னிரண்டும் 2.56, 3.62 என்று வர வேண்டியவை. வழக்க அளவில் வெட்டினால் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக் குறையும். எனவே 8 சென்டிமீட்டர் கட்டத்துக்கு நான் 11.5 வெட்டாமல் 12 வெட்டி, தைத்தபின் 9.5க்குச் சீவிவிடுகிறேன். அங்குலத்தில் 1.207ஐ 1¼ என்று மேல்நோக்கி ஆக்கியவர்கள் புத்திசாலிகள். ஒரே போர்வையில் பாதியை அங்குலத்திலும் பாதியைச் சென்டிமீட்டரிலும் மட்டும் தைத்துவிடாதீர்கள். நான் தைத்திருக்கிறேன்.

பழந்துணி:

கேட்க மறந்துவிட்டேன். சாக்கில் உள்ளவை துவைத்த துண்டுகளா? வாடிக்கையாளர் கொண்டுவந்த புதுத் துணியின் மிச்சம் என்றால் கஞ்சியோடும் சாயத்தோடும் இருக்கும். அடர்ந்த சிவப்பும் கருநீலமும் சுங்குடியும் தனியாக நனைத்து, ஈரத்தோடு வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பாருங்கள். கறை ஒட்டினால் அந்தத் துண்டு இந்தப் போர்வைக்கு வேண்டாம். சிறு துண்டுகளை வெறுமனே வாளியில் போட்டால் நூல் பிரிந்து சிக்கிக் கயிறாகிவிடும். பழைய தலையணை உறைக்குள் போட்டு வாயைக் கட்டி அலசுங்கள்.

நூல்கண்டு:

அனைவருக்கும் மீண்டும் நன்றி. 12 அங்குலத்திலேயே செய்வது என்று முடிவு செய்துவிட்டேன். ஏற்கெனவே தைத்த 9 அங்குல பிளாக்கையும் வீணாக்கவில்லை. சுற்றிலும் 2 அங்குல நாடா வைத்துத் தைத்தால் ஒவ்வொரு பக்கமும் 1½ நின்று அதுவும் 12 ஆகிவிடும் என்று கணக்குப் போட்டேன். சரிதானே? அந்த எட்டாவது முனை மட்டும் மழுங்கலாகவே இருக்கும், அதைக் கால்மாட்டு மூலையில் வைத்துவிடுகிறேன்.

துண்டுகள் எவையும் துவைத்தவை அல்ல. இன்று ஒரு தலையணை உறை நிறையச் சிவப்புகளை அலசினேன், மூன்று நீர் மாற்றியும் வாளி பீட்ரூட் சாறாகவே இருக்கிறது. அவற்றைக் கழித்துவிட்டேன். முனைகளுக்குக் கருநீலமும் அரக்கும் கரும்பச்சையும் போதுமான அளவு இருக்கின்றன. காடா ஐந்து மீட்டர் வாங்கி வந்திருக்கிறேன். நாளை அதை நனைத்துப் போட்டு, எவ்வளவு சுருங்குகிறது என்று பார்த்த பிறகுதான் கத்தரிக்கோலைத் தொடுவேன்.

கால் அங்குலம்:

9 அங்குல பிளாக்கின் கணக்கு சரி. 9 உடன் இரு பக்கமும் 1½ சேர்ந்தால் 12. நாடாக்களை முதலில் எதிரெதிர்ப் பக்கங்களில் 9½ அங்குல நீளத்துக்கு வெட்டித் தையுங்கள். மற்ற இரு பக்கங்களுக்கும் 12½ அங்குல நீளம் வேண்டும்.